பன்னிரண்டு கோவிலும் பாதிக் கதையும்

"எனக்குப் பதிலா நீ ஓடணும் ததேயு. வேற ஒண்ணும் வேண்டாம்."

தாணுலிங்கம்பிள்ளை இதைச் சொல்லும்போது மட்டிப்பழச் சீப்பு ஒன்றை மடியில் வைத்து உரித்துத் தின்றுகொண்டிருந்தார். தோலைப் போடக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. பசுவைப் பக்கத்திலேயே கட்டியிருந்தது. கையை நீட்டினால் அது வாங்கிக்கொண்டது. முற்றத்தில் நின்ற ததேயுஸ் அதைக் கவனித்தான். ஆளைக் கண்டால் முதலில் காலைப் பார்ப்பது அவன் பழக்கம். பிள்ளையின் கால்கள் இரண்டும் பெஞ்சுக்கு வெளியே, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துபோன சாமான்போலக் கிடந்தன.

ததேயுஸ் அஞ்சலோட்டக்காரன். அதாவது, போன ஆடி வரைக்கும். திருவிதாங்கூர் அஞ்சல் பையைத் தோளில் போட்டு, மணி கட்டிய கம்பைக் குலுக்கிக்கொண்டு தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே ஓடினவன். மணிச்சத்தம் கேட்டால் வில்லுக்குறி ரோட்டில் காளைவண்டி ஒதுங்கும், கல்யாண ஊர்வலம் ஒதுங்கும், சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள்கூட ஓரமாகப் போய் நின்று போடுவார்கள். பிறகு மோட்டார் வண்டி வந்து பையைக் கவ்விக்கொண்டு போயிற்று. கம்பை ஆபீசில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். காலை வாங்கிக்கொள்ள அவர்களுக்குத் தோன்றவில்லை. அது இன்னமும் விடியற்காலையில் தானாக எழுந்து படலைத் திறந்துகொண்டு போய்விடுகிறது. பாதி வழி போன பிறகுதான் தோளில் பை இல்லாதது அவனுக்கு உறைக்கும்.

"எங்க ஓடணும் பிள்ளைவாள்?"

"சிவாலய ஓட்டம்லே. திருமலையிலே தொடங்கித் திருநட்டாலம் வரைக்கும். பன்னிரண்டு சிவன் கோவில். வாற மாசிச் சிவராத்திரிக்கு."

"நான் வேதக்காரன்லா? அந்தோணியார் கோவில் கொடியேத்துக்கு முத ஆளா நிக்கியவன்."

"ஓடுகதுக்கு என்னத்துக்குலே வேதம்? காலுதானே ஓடுது. நீ இத்தனை வருசமா காயிதம் சொமந்தியே, அதுல ஒரு காயிதமாவது ஒனக்கு வந்ததா? மத்தவன் எழுதினதை மத்தவனுக்காகச் சொமந்தே. அதுபோல என் நேர்ச்சையையும் சொமந்து கொண்டு சேத்திரு."

உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லத்தாயின் குரல் வந்தது. "நேர்ச்சை என்ன மணியார்டரா? அஞ்சல்காரன் கொண்டு குடுத்தா சாமி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுமா?"

பிள்ளை அடுத்த பழத்தை உரித்தார்.

நடந்தது இதுதான். கார்த்திகையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, கண்ணும் வாயும் கலங்கிக் கிடந்தார். வைத்தியர் கையை விரித்த அன்று செல்லத்தாய் ஈரச்சேலையோடு நின்று வேண்டிக்கொண்டாள்: இவர் எழுந்து நடமாடினால் சிவாலயம் ஓடுவார். பிள்ளை எழுந்தார், நடமாடினார், காய்ச்சலில் இழந்த சதையையெல்லாம் வட்டியோடு திரும்பப் பிடித்தார். ஓட்டத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை. தை பிறந்ததும் மகள் சொர்ணம்மாளைத் தேரூரில் நிச்சயம் செய்தார்கள். சித்திரையில் கல்யாணம். செல்லத்தாய் சமையல்கட்டை விட்டு வெளியே வந்து ஒரே சொல்தான் சொன்னாள்: "சாமிக்குச் சொன்னதைச் செய்யாமே இந்த முற்றத்துல பந்தக்கால் நாட்ட விடமாட்டேன்." அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. அதனால் அவள் சொன்னதை மாற்றுவதற்கும் வழி இல்லை.

"ததேயு," என்றாள் இப்போது, கதவுக்குப் பின்னால் நின்று. "நீ ஓட வேண்டாம். இவங்களை ஓடப் பழக்கு. நெல்லு அளந்து தாறேன்."

"அம்மா, நான் பையைத்தான் சொமந்திருக்கேன். ஆளைச் சொமந்ததில்லை."

"சொமக்காண்டாம். பொறத்தாலே நின்னு தள்ளு."

வீட்டில் அவன் பெண்டாட்டி இசபெல் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் மணவாளக்குறிச்சி மீனை வாங்கி வில்லுக்குறியில் விற்கிறவள். கடவப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு புருசனைவிட வேகமாக நடப்பாள்.

"மாட்டை ஓட்டுனா கூலி உண்டு. மனுசனை ஓட்டுகதுக்கும் கூலியா? ஓய், அவரு ஓடுவாருண்ணு நீரு நெனைக்கியரா?"

"ஏட்டி, பழகினா எல்லாக் காலும் ஓடும்."

"அது கால் உள்ளவங்களுக்கு. அவருக்கு வயித்துக்குக் கீழே என்ன இருக்குண்ணு அவரே பாத்து வருசம் எத்தனையோ ஆகும்."

மறுநாள் விடியற்காலையில் ஒரு மூங்கில் கம்பில் இரண்டு மாட்டுச் சதங்கையைக் கட்டிக்கொண்டு ததேயுஸ் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்றான். சதங்கை குலுங்கினால்தான் அவனுக்கே கால் வரும். புறப்படும் முன் செல்லத்தாய் ஒரு காரியம் செய்தாள். புருசனின் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணுக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை.

"இதுக்குள்ள விரல் போற அண்ணைக்கு நீ பாதி ஜெயிச்சே ததேயு," என்றாள்.

நாகர்கோவில் ரோட்டில் பார்வதிபுரம் வரைக்கும் ஓட்டம் என்று ததேயுஸ் ஏற்பாடு. அவனுக்கு அந்த ரோட்டில் ஒவ்வொரு புளியமரமும் தெரியும். பிள்ளைக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். அங்கேதான் காரியம் கெட்டது.

"என்ன அண்ணாச்சி, இந்த வெள்ளன எங்க?"

"ஒண்ணுமில்லே, சும்மா ஓடுகேன்."

"ஓடுகியளா? ஐயோ, மூச்சு வாங்குகே! ஏட்டி, ஒரு மோரு எடு. இருந்துட்டு ஓடுங்கோ."

மோரோடு போகாது. ஒரு வீட்டில் புட்டும் பயறும், அடுத்த வீட்டில் மரச்சீனிக்கிழங்கு, அதற்கடுத்த சொந்தக்காரர் வீட்டில் "காலைப் பலகாரம் திங்காமேயா எங்க வாசலைத் தாண்டுகது?" என்று உள்ளித்தீயலும் சோறும். ததேயுஸ் வெளியே நின்று சதங்கையைக் குலுக்கிக் குலுக்கிப் பார்ப்பான். பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "பாவம், சினேகத்துல தாறாவ. வேண்டாம்னு சொல்லலாமா?" என்பார். தை பாதி வரைக்கும் இப்படி ஓடினார்கள். ஒரு நாள் செல்லத்தாய் அரைஞாணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தட்டானைக் கூப்பிட்டு ஒரு கண்ணி கூட்டிப்போடச் சொன்னாள்.

"ததேயு," என்றாள் கதவுக்குப் பின்னால். "ஓடித் தடிச்ச ஆளை நீ முன்னே பாத்திருக்கியா?"

"இல்லை அம்மா."

"நானும் இல்லை."

ததேயுஸ் ரோட்டை மாற்றினான். மறுநாள் முதல் வீடே இல்லாத சானல்கரை. ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் வயல், நடுவில் கால்வாய்த் தண்ணீரில் கொக்கு. உபசரிக்க ஆளில்லை என்று கண்டதும் பிள்ளைக்குக் காலில் முள் குத்தியது. முள் எடுத்ததும் குறுக்கு பிடித்தது. குறுக்கு விட்டதும் அவர் ஒரு கல்மேல் உட்கார்ந்தார்.

"எழும்புங்கோ பிள்ளைவாள். பழகினா எல்லாக் காலும் ஓடும்."

"நீ போலே. நான் இங்ஙனயே இருந்து செத்துப்போறேன்."

"மக கல்யாணம்?"

"அவ விதி."

அஞ்சல் பை இப்படிப் பேசாது. ததேயுஸுக்கு அலுத்துவிட்டது. சதங்கைக் கம்பைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டு, தனக்குத்தானே சொல்லுகிற மாதிரிச் சொன்னான்:

"ஒடம்பு தடிச்சா ஓட முடியாதுண்ணு சொல்லப்பிடாது. காதுகுத்து அண்ணைக்கு ஒங்க மச்சினரு கோலப்பபிள்ளை கருங்கல் ரோட்டுல வந்த வேகம் எனக்கே வராது. அவருக்கும் இதே ஒடம்புதான்."

பிள்ளையின் முகம் சிவந்தது. அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் அது. சொர்ணம்மாளுக்கு அஞ்சு வயதில் காதுகுத்து நடந்தபோது செல்லத்தாயின் தம்பி கோலப்பன்தான் தாய்மாமன். குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று, பந்தி உட்கார்ந்தது, எரிசேரியும் ஓலனும் சாம்பாரும் புளிசேரியும் வந்து போயின. அடைப்பிரதமன் பாயச வாளி பந்தியின் அந்தக் கோடியில் தெரிந்த நேரத்தில் கோலப்பன் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனவர்தான். சொல்லாமல், கை கழுவாமல், திரும்பிப் பார்க்காமல். பிரதமனுக்கு முன்னே தாய்மாமன் எழுந்துபோன பந்தி என்று ஊர் பேசியது. பன்னிரண்டு வருசமாகப் போக்குவரத்து இல்லை. என்ன குறை வைத்தோம் என்று பிள்ளை யோசிக்காத நாள் இல்லை.

"நீ அண்ணைக்கு அவனைப் பாத்தியா?"

"எனக்கு அப்பம் மேக்கத்தி ரோட்டுலதான் ஓட்டம். பாத்தேனே! எதுக்கு எழும்பினாருண்ணுள்ள துப்பே எங்கிட்ட உண்டு." சொல்லிவிட்டு ததேயுஸ் சதங்கையைக் குலுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

"லே, நில்லு! சொல்லிட்டுப் போ!"

பத்தடி தூரத்தில் அவனுக்குப் பின்னால் பூமி அதிர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அவன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினான். பின்னால் சத்தமும் கூடியது. மதகு வரைக்கும் பிள்ளை நிற்கவில்லை.

"சொல்லுலே!"

"அது சிவராத்திரிக்கு உள்ளது பிள்ளைவாள். கோவிலுக்குக் கொஞ்சமா சொல்லுகேன். இப்பம் வேணும்னா வேற ஒண்ணு இருக்கு. பார்வதிபுரத்துல ஒரு வீட்டுல பலாமரத்தை யாரு வெட்டினதுண்ணு தெரியுமா?"

"யாரு?"

"அந்தத் தென்னை வரைக்கும் வாங்கோ."

அன்றிலிருந்து ஓட்டம் நடந்தது. ததேயுஸ் ஒருவர் காயிதத்தையும் பிரித்துப் படித்தவன் அல்ல. ஆனால் காயிதம் வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருக்கவும் முடியாதே. அந்த முகங்களையெல்லாம் இப்போது மரம் மரமாக அவிழ்த்துவிட்டான். பிள்ளை கேட்டுக்கொண்டே ஓடினார். கேட்டதை முதலில் போய்ச் சொல்ல வேண்டுமே என்று வீட்டுக்குத் திரும்பும்போது இன்னும் வேகமாக ஓடினார். மாசி பிறக்கும்போது அரைஞாணுக்குள் செல்லத்தாயின் சுண்டுவிரல் போயிற்று. பிறகு விரல் இரண்டு போயிற்று.

நெல் அளக்கிற அன்று அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "என் தம்பி எதுக்குப் போனாண்ணு உனக்கு உள்ளதாவே தெரியுமா?"

ததேயுஸ் தலையைச் சொறிந்தான். "பாதி தெரியும் அம்மா. பாதியிலயும் பாதி."

"சரி, அதை வச்சு ஓட்டு. பன்னிரண்டாவது கோவில் எந்த ஊர்ல இருக்குண்ணு நீ பாத்தியா?"

"திருநட்டாலம்." சொன்ன பிறகுதான் அவனுக்குத் துணுக்கென்றது. "அது உங்க ஊருலா! கோலப்பபிள்ளை வீடு அங்கதானே? அப்பம், நேர்ச்சை…"

"நேர்ச்சையும் உள்ளதுதான்," என்றாள் செல்லத்தாய். "சாவக் கெடக்கிய ஆளுக்கு எந்தச் சாமிகிட்டயும் கேக்கலாம். நான், கடைசிக் கோவில் எங்க ஊர்ல இருக்கிய ஓட்டமாப் பாத்துக் கேட்டேன். என் மகளுக்குத் தாய்மாமன் வேணும் ததேயு. அதை வாயால சொன்னா இந்த மனுசன் படி எறங்கமாட்டாரு. ஓடிப் போய்ச் சேரட்டும்." மரக்காலை நிறைத்துக் கையால் வழித்தாள். "நடு வழியிலே நின்னுட்டாருண்ணா கல்யாணமும் நின்னுது. ரெண்டும் ஒண்ணுதான்."

சிவராத்திரிக்கு முந்திய நாள் சாயங்காலம் திருமலைக் கோவிலில் காவித்துணிக் கூட்டம். ஒரு கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை. ஒவ்வொரு கோவில் குளத்திலும் முங்கி, ஈரத்துணியோடு சாமி கண்டு, விசிறியால் சாமிக்கு வீசி, அடுத்த கோவிலுக்கு ஓடவேண்டும். "கோவிந்தா! கோபாலா!" என்று சிவன் கோவிலுக்கு ஓடுகிறவர்கள் பெருமாளை அழைப்பது அங்கே வழக்கம். பிள்ளையும் காவி வேட்டி கட்டி, விசிறியும் கையுமாக நின்றார். விரதம் இருந்து கன்னம் ஒட்டியிருந்தது. ததேயுஸ் கோவிலுக்கு வெளியே, குளக்கரையில் சதங்கைக் கம்போடு.

அவன் யாரிடமும் சொல்லாத ஒரு விசயம் உண்டு. அஞ்சலோட்டக்காரன் என்றால் வாழ்நாளெல்லாம் ஓடுகிறவன் என்று ஊர் நினைக்கிறது. அவன் ஓடுவது அடுத்த ஓட்டக்காரன் நிற்கிற இடம் வரைக்கும்தான். பையை அவன் தோளில் மாற்றிவிட்டு உட்கார்ந்து வெற்றிலை போடலாம். ஒரு முழு வழியை இந்தக் கால்கள் ஒருநாளும் ஓடினதில்லை. திக்குறிச்சி தாண்டினதுமே அவை, ஆள் மாற்று எங்கே என்று கேட்க ஆரம்பித்தன.

திக்குறிச்சியில் பிள்ளை நனைந்து வந்து நின்றார். "சொல்லு."

"கருங்கல் ரோட்டுல நான் கெழக்க ஓடி வாறேன். மத்தியானம். எதிர்த்தாப்புல கோலப்பபிள்ளை வந்தாரு."

"பொறவு?"

"பொறவு திற்பரப்புல."

"சவமே! வந்தாருண்ணு சொல்லுகதுக்கு ஒரு கோவிலா?"

"பன்னிரண்டு கோவில் இருக்குல்லா? நான் பங்கு வச்சுத்தான் சொல்லணும்."

திற்பரப்பில் கோலப்பபிள்ளை வேகமாக வந்தார். திருநந்திக்கரையில் அவர் தனியாக வந்தார். பொன்மனையில் பொழுது விடிந்தபோது அவர் புதுவேட்டி கட்டியிருந்தார்.

"அந்த வேட்டி நான் எடுத்துக் குடுத்ததுலே! அது எனக்குத் தெரியாதா? தெரியாததைச் சொல்லு!"

"பன்னிப்பாகத்துல சொல்லுகேன்."

பன்னிப்பாகத்தில், அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திப் பிடித்திருந்தார். இது புதுத் துப்பு. பிள்ளை அதை அசைபோட்டுக்கொண்டே கல்குளம் வரைக்கும் வலி தெரியாமல் ஓடினார். "வயித்து வலியோ? எங்க எரிசேரியிலயா? அண்ணைக்கு வேற யாருக்கும் வலிக்கலியே! லே, வயித்து வலிண்ணா அதைச் சொல்லுகதுக்கு என்ன?" என்று தனக்குள்ளேயே வழக்காடினார். கல்குளத்தில், ததேயுஸ் கும்பிடு போட்டும் அவர் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. மேலாங்கோட்டில், "என்னைப் பாத்ததா யாருகிட்டயும் சொல்லாதே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சொல்லிவிட்ட பிறகு ததேயுஸின் பை காலி. இன்னும் நாலு கோவில் பாக்கி.

அடுத்தது திருவிடைக்கோடு. அது வில்லுக்குறியிலேயே இருக்கிறது. பிள்ளையின் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். நல்ல வெயில். தூரத்தில் சொந்த ஓட்டுக்கூரையைக் கண்டதுமே பிள்ளையின் கால்கள் மாடு தொழுவத்துக்குத் திரும்புவதுபோலத் திரும்பின. முற்றத்தில் பானகப் பானை வைத்து, ஓடிவருகிறவர்களுக்கெல்லாம் செல்லத்தாய் தேங்காய்ச் சிரட்டையில் மோந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வீட்டுக் கதவு சாத்திப் பூட்டியிருந்தது.

"ஏட்டி, கதவைத் தொற. செத்தம் படுக்கணும்."

"குடியுங்கோ சாமி," என்று அவள் சிரட்டையை நீட்டினாள்.

"நான்தான்டீ!"

"சாமிமாரு எல்லாரும் எங்களுக்கு ஒண்ணுதான். குடிச்சுக்கிட்டு, கோவிந்தாண்ணு ஓடுங்கோ. பொறத்தால ஆளு நிக்குவு."

பின்னால் நின்றவர்கள் "கோவிந்தா!" என்றார்கள். பிள்ளை பெண்டாட்டி முகத்தையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சிரட்டையில் அவள் இன்னொரு தரம் மோந்து ஊற்றியதை ததேயுஸ் மட்டும் கண்டான். பிள்ளை குடித்துவிட்டுத் தள்ளாடிப் போய்க் கோவிலில் சாமி கண்டு வந்தார். வந்தவர் ஆலமரத்தடியில் காலை நீட்டிவிட்டார்.

"மீதியைச் சொல்லு. சொன்னா எழும்புகேன்."

"மீதி…" ததேயுஸ் சதங்கைக் கம்பைக் கை மாற்றிப் பிடித்தான். "மீதி எங்கிட்ட இல்லை பிள்ளைவாள். அவரு போயிட்டாரு. நான் இந்தப் பக்கம் ஓடிவந்துட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"எதுக்கு எழும்பினாண்ணு தெரியும்னியே?"

"துப்பு உண்டுண்ணுதான் சொன்னேன். காரணம் திருநட்டாலத்துல இருக்கு. நேரே போய்க் கேளுங்கோ."

பிள்ளை எழுந்தார். இந்த இரண்டு மாதத்தில் அவர் அவ்வளவு சுளுவாக எழுந்து ததேயுஸ் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்லாத்த ஒண்ணைச் சொல்லி என்னை ஒன்பது கோவில் ஓட்டினியாலே, நாயே!"

விசிறிக் காம்பை ஓங்கிக்கொண்டு அவர் வந்த வரவில் ததேயுஸ் சதங்கைக் கம்பைப் போட்டுவிட்டு ஓடினான். திருவிதாங்கோடு வரைக்கும் விரட்டினார். அவர் குளத்தில் முங்கிச் சாமி கண்டு வருகிற நேரத்தில் இவன் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வான். வெளியே வந்ததும் மறுபடி விரட்டல். "கள்ளப்பயலே! நில்லு! கோவிந்தா! அஞ்சல் கழுதே! கோபாலா!" வழியில் நின்ற பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "பாத்தியா, என்ன ஒரு ஆவேசம்! சாமி கூடவே வருகு," என்றாள் ஒருத்தி. திருப்பன்றிக்கோடும் அதே வேகத்தில் போயிற்று. ஆள் மாற்றில்லாமல் ஓடிய ததேயுஸின் கால்கள் எப்போதோ அவனுடையதாக இல்லாமல் போயிருந்தன. ஆனால் பின்னால் விசிறிக் காம்பு வருகிறபோது அவற்றுக்கும் வேறு வழியில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திருநட்டாலம். பிள்ளை அவனை மறந்துவிட்டுக் குளத்தில் இறங்கினார். ஈரம் சொட்டச் சொட்டக் கோவிலுக்குள் போனார். ததேயுஸ் வெளியே கல்லில் விழுந்தான்.

அப்புறம்தான் அது கேட்டது. உள்ளே சாமிக்கு மணி அடித்தார்கள். ஒரு விசிறி கல்தரையில் விழுந்ததுபோல ஒரு சத்தம். பிறகு ஒரு ஆள் சிரித்தார். கூடவே இன்னொருவர் சிரித்தார். கோவிலில் சிரிக்கிற சிரிப்பில்லை அது. தென்னந்தோப்பில் சிரிக்கிற சிரிப்பு. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வெளியே வந்தார்கள். ஒருவர் பிள்ளை. மற்றவர் நரைத்த தலையோடு கோலப்பபிள்ளை. பிள்ளையின் விசிறி அவர் கையில் இருந்தது.

"என்னது பிள்ளைவாள்? எதுக்காம் எழும்பினாராம்?"

பிள்ளை அவனைப் பார்த்தார். மறுபடி சிரிப்பு வந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்லுகேன்லே."

காலையில் கோலப்பபிள்ளையின் வில்வண்டி வில்லுக்குறிக்குப் புறப்பட்டது. மைத்துனர்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். ததேயுஸ் படியில் கால் வைத்தான்.

"கதை வேணுமா, வண்டி வேணுமா?" என்றார் பிள்ளை.

"பிள்ளைவாள், எனக்குக் கால் இல்லை."

"பழகினா எல்லாக் காலும் ஓடும். நீ சொன்னதுதானே? அண்ணைக்குப் பந்தியில இவன் இருந்தான். அடுத்தது அந்தப் புளியமரத்துல. வண்டியை விடப்போ."

ததேயுஸ் ஓடினான். புளியமரத்தில், எரிசேரியை மூன்று தரம் வாங்கித் தின்றதில் கோலப்பனின் அரைஞாண் கயிறு பட்டென்று அறுந்தது. தக்கலைச் சந்தையில், கட்டியிருந்தது வழுவழுப்பான கோடி வேட்டி. அரைஞாண் இல்லாமல் இடுப்பில் நிற்கவில்லை.

"அதைச் சொல்லியிருக்கலாம்லா?" என்று வண்டிச் சக்கரத்தின் பக்கத்திலிருந்து மூச்சிரைக்கக் கேட்டான் ததேயுஸ்.

கோலப்பபிள்ளை வண்டியிலிருந்து தலையை நீட்டினார். "எப்பிடிச் சொல்லுகது? ஆம்பளைக்கு அரைஞாணை அறுக்கது எண்ணைக்கு? செத்துக் குளிப்பாட்டுக அண்ணைக்கு. மருமகளை மடியில வச்சுக் காது குத்தின அதே நாளுல, நல்ல காரியப் பந்தியில இருந்துக்கிட்டு, என் அரைஞாண் அறுந்துபோச்சுண்ணு தாய்மாமன் வாயால சொல்லணுமா? சொர்ணத்துக்கு ஏதாவது வந்திருந்தா?"

அடுத்ததை மேலாங்கோட்டு விலக்கில் சொன்னார்: பிரதமன் குடித்து முடிந்ததும், மோரும் சோறும் ஆனதும், பந்தி மொத்தமும் ஒன்றாக எழும்ப வேண்டும். அத்தனை பெண்டுகளும் பார்த்து நிற்க வேட்டி தரையில் விழும். எல்லார் கண்ணும் பிரதமன் வாளியைப் பார்க்கிற அந்த ஒரு நிமிசத்தை விட்டால் வேறு நேரம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, மரியாதை தெரியாதவன் என்று அத்தான் ஆள்விட்டுச் சொன்னது காதில் விழுந்ததும் இவருக்கும் கோபம் ஏறிவிட்டது.

"சரி, நேத்து கோவில்ல?" ததேயுஸின் நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

"அது வீட்டு வாசல்ல," என்றார் பிள்ளை.

வாசலில் வண்டி நின்றது. பிள்ளை குனிந்து, அவன் காதில் மட்டும் விழுகிற மாதிரிச் சொன்னார்: "நீ மெலிய வச்ச இடுப்புலே. அரைஞாண் தொளதொளண்ணு கெடக்கு. பன்னிரண்டு குளத்துல நனைஞ்ச வேட்டி. சாமிக்கு வீசக் கையைத் தூக்கினேன். போச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சேன், விசிறி விழுந்துது. எடுத்துத் தந்த ஆளு, 'அத்தான், இப்பிடித்தான் எழும்பினேன்'ண்ணு சொல்லுகான்."

ததேயுஸ் முற்றத்து மண்ணில் உட்கார்ந்து, வண்டிக்காளைகள் மிரளும்படி சிரித்தான்.

செல்லத்தாய் கதவைத் திறந்து வைத்திருந்தாள். தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள். நரைத்திருந்ததைப் பார்த்தாள். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தலைவாழை இலை போட்டாள். முற்றத்தில் ததேயுஸுக்கும் ஒரு இலை போட்டாள். சோறு விளம்பவில்லை, கறி விளம்பவில்லை. முதலில் அடைப்பிரதமன் உருளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, மொதல்லயே பிரதமனா?"

"மொதல்லதான்," என்றாள் அவள், அகப்பையை இலைமேல் கவிழ்த்தபடி. "இனி நீ எப்பம் வேணும்னாலும் எழும்பிக்கோ."

சொர்ணம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று, தனக்குக் காது குத்த மடியில் வைத்திருந்த ஆளை முதல்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சாப்பிட்டு முடிந்தது. மைத்துனர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தபடி மெதுவாக எழுந்தார்கள். முற்றத்தில் ததேயுஸுக்குப் பிரதமன் புரையேறியது.

செல்லத்தாய் மூன்று பேரையும் பார்த்தாள். "என்னது? ரெண்டு பேருக்கும் ஒக்க வயித்து வலியா? ததேயு, நீ சொல்லு."

பிள்ளை அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். கோலப்பபிள்ளை கும்பிடாத குறை. ததேயுஸ் விரலை நக்கிவிட்டு, நீட்டிய காலை மடக்கிக்கொண்டான்.

"சொல்லுகேன் அம்மா. மொதல்ல பந்தக்கால் நாட்டட்டும்."